குளம்புத் தடம்: சென்னைக் கடற்கரையில் அடும்பு தேடி நாலு நாள்

பிப்ரவரி 7, வெள்ளி. மெரினா, பட்டினப்பாக்கம்

கடற்கரை மணலில் படரும் அடும்புக் கொடியைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் மெரினாவில் தொடங்க வேண்டாம். காலை ஆறு மணிக்குக் கலங்கரை விளக்கத்துக்கு எதிரே இறங்கி காந்தி சிலை வரை நடந்தாலும் ஒரு கொடி கண்ணில் படாது. டிராக்டர் பின்னால் இழுத்துப் போகிற மணல் சலிக்கும் எந்திரம்தான் காரணம். பிளாஸ்டிக் கப், சோளக் கதிர்த் தக்கையோடு சேர்த்து முளைத்த கொடியையும் அது வாரிக்கொண்டு போய்விடும். அடும்பு கணுவுக்குக் கணு வேர் விட்டு ஊர்கிற கொடி. ஒரு கணு வேர் பிடிக்க மணல் சில நாளாவது அசையாமல் கிடக்க வேண்டும். மெரினா மணலுக்கு அந்த நிம்மதி கிடையாது.

தெற்கே பட்டினப்பாக்கம் வந்ததும் காட்சி மாறுகிறது. படகுகளை ஏற்றிவைக்கிற மேட்டில் எந்திரம் நுழைய முடியாது. அங்கேதான் முதல் கொடி, முதல் பூ. நேரம் 7:10. இரவுப் பனியில் மணல் மேல்பரப்பு இறுகிக் கிடந்தது; நடக்கச் சுகம்.

பூவைப் பற்றி முதலில். ஐந்து இதழும் ஒட்டிப் புனல் மாதிரி விரிந்திருக்கும். வாய் அகலம் நாலைந்து செண்டிமீட்டர். நிறத்தை இளஞ்சிவப்பு என்று எழுதினால் வெளிறிப்போகும், ஊதா என்றால் இருண்டுபோகும். ரோஸ் மில்க்கில் கொஞ்சம் கத்தரிப்பூ நிறத்தைக் கலந்தால் வருகிற கலர். தொண்டைக்குள் அதுவே அடர்ந்து மாந்தளிர் போல ஆகிவிடும். இதழ் நடுவில் ஐந்து பட்டைகள் நட்சத்திரமாக ஓடும். தேன் இருக்கும் இடத்துக்கு வண்டுக்குப் போட்ட வழிகாட்டிக் கோடுகள் அவை. வருகிறதும் கட்டெறும்பு நிறத்தில் பெரிய மரத்துளை வண்டுதான். உள்ளே நுழைந்தால் பூவே ஆடும்.

இவ்வளவு பளிச்சென்று ஒரு பூ இருக்க, இந்தக் கொடிக்குக் கிடைத்த பேர்களில் பெரும்பாலானவை இலையைப் பார்த்தே கிடைத்தவை. ஆட்டுக்கால் கொடி, குதிரைக் குளம்பு. ஏன் இப்படி? இந்த நாலு நாளும் அலைய வைத்தது அந்தக் கேள்விதான்.

இலை தடிப்பு, தொட்டால் ரெக்சின் மாதிரி இருக்கும். கிள்ளினால் பால் வரும். நுனியில் நடு நரம்பு வரை இறங்கும் ஒரு பிளவு. பட்டினப்பாக்கத்தில் ஆடுகளுக்குக் குறைவில்லை. அலை தொட்டுப் போன ஈர மணலில் ஒன்று நடந்த தடம் புதிதாக இருந்தது. அதன் பக்கத்தில் ஓர் இலையை மல்லாக்க வைத்துப் பார்த்தால் ஒப்பு விளங்கும். இரண்டு விரலும் நடுவில் கோடும். ஆனால் ஆட்டின் தடம் நுனியில் கூராகக் குவியும், அடும்பிலை நுனியில் அகன்று உருண்டிருக்கும். ஒப்புக்கு விரிந்த இலையை விட, கொடி நுனியில் இன்னும் மடிந்து நிற்கிற இளசு இலைதான் அச்சு அசல். நடு நரம்பில் மடிந்து, இரண்டு பாதியும் ஒட்டி, நுனி கூராக, ஆட்டுக்கால் சூப்புக் கடையில் தொங்குகிற மாதிரியே இருக்கிறது.

காலை உணவு குப்பத்துத் திண்ணையில். நாலு இட்லி, முந்தின நாள் மீன் குழம்பு, 40 ரூபாய். குழம்பு கேட்காமலே இரண்டாம் தடவை ஊற்றினார் அந்த அம்மா. பேரைக் கேட்டதற்கு, "அதுவா, அடப்பங்கொடி. சாமிக்கு ஆவாது, தலைக்கும் ஆவாது, சும்மா பூக்கும்" என்றார்.

சாப்பிட்டு, வெயில் பார்த்து, படம் எடுக்கலாம் என்று 11 மணிக்குத் திரும்பினால் மேட்டில் ஒரு பூ இல்லை. எல்லாம் ஓரம் சுருண்டு, நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு, அதிலும் அரை நாள். படம் வேண்டுமென்றால் சூரியன் எழுந்ததிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரைதான் நேரம். பறித்துப் பையில் போட்டுக்கொண்டு போய் எடுக்கலாம் என்பதும் நடக்காது. பேருந்து நிறுத்தம் போவதற்குள் சுருண்டுவிடும்.

பிப்ரவரி 8, சனி. பெசன்ட் நகர், ஊரூர் குப்பம், உடைந்த பாலம்

பெசன்ட் நகரில் விடியற்காலையில் குதிரைகளை மணலில் நடத்திக் கூட்டி வருவார்கள். சவாரி மாலையில்தான், ஒரு சுற்று 100 ரூபாய், ஞாயிறு மாலை 150 கேட்கிறார்கள். காலையில் காசு கேட்காமல் நின்று பேசுகிறார்கள். ஆட்டை நேற்றே பார்த்தாயிற்று, இன்று குதிரையின் முறை.

குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. பிளவே இல்லாத காலை வைத்துப் பிளந்த இலைக்குப் பேர் வைத்தது எப்படி என்று தோன்றும். "லாடம் அடிச்ச காலுங்க, தடத்தைப் பாருங்க" என்றார் குதிரையைப் பிடித்திருந்த பையன். சரிதான். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் திறந்து, நடுவில் ஒரு வெட்டு உள்ளே இறங்கியிருக்கிறது. அடும்பிலையின் வெளிக்கோடு அதுதான். அளவு மட்டும் பாதி. ஆட்டுத் தடத்தை விட இது நன்றாகவே பொருந்துகிறது. குளம்பைப் பார்த்து வைத்த பேர் ஆட்டுக்கால், தடத்தைப் பார்த்து வைத்த பேர் குதிரைக் குளம்பு என்று சொன்னால் தகும்.

ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே இலையைப் பார்த்தவர் மூன்றாவதாக ஒரு காலைச் சொன்னார். குறுந்தொகை 243-ஆம் பாட்டு, நம்பி குட்டுவன் பாடியது. 'மானடி அன்ன கவட்டிலை அடும்பின்' என்று தொடங்கும். கவட்டிலை என்ற ஒரே சொல்லில் வேலை முடிந்துவிட்டது. கவடு என்றால் கிளை பிரிகிற இடம், கவண்கட்டையின் கவை மாதிரி. அடுத்த அடியில்தான் பூ வருகிறது: 'தார்மணி அன்ன ஒண்பூ'. தார்மணி என்பது குதிரையின் கழுத்து மாலையில் கட்டுகிற மணி. தேடியவரை இந்தச் செடிக்குச் சொல்லப்பட்ட உவமைகளில் பூவுக்கென்று சொன்னது இது ஒன்றுதான்.

பக்கத்தில் நின்ற குதிரையின் கழுத்தில் பாசிமணியோடு ஏழெட்டுப் பித்தளை மணிகள். ஒரு பூவைக் கவிழ்த்து மணிக்குப் பக்கத்தில் பிடித்தால் உவமை தானாகத் திறக்கிறது. மேலே குறுகிய கழுத்து, கீழே அலைபோல விரிந்த விளிம்பு, உள்ளே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற வெள்ளைச் சூல்முடி. கொடி தரையில் கிடப்பதால் பூ எப்போதும் வானத்தைப் பார்த்தே இருக்கும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவருக்குத்தான் அது மணி. அந்தப் பாட்டில் பெண்கள் பூவைக் கொழுதி விளையாடுகிறார்கள். அப்படியென்றால் திருப்பித்தான் பார்த்திருப்பார்கள்.

ஊரூர் குப்பம் தாண்டி உடைந்த பாலத்துப் பக்கம் அடும்பு பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. அடையாறு கடலில் சேரும் இடம். ஒரே கொடி நேர்கோட்டில் கடலை நோக்கி ஓடுவதைக் காலடியால் அளந்தால் பதினாலு தப்படி, பத்து மீட்டருக்குக் குறையாது. ஆங்கிலத்தில் இதை ரயில்பாதைக் கொடி என்று ஏன் சொன்னார்கள் என்பது இங்கே நின்றால் புரியும். அந்தப் பாய் மேல் உட்கார மட்டும் கூடாது. இலையும் காம்பும் சேரும் இடத்தில் கடுகளவில் இரண்டு சுரப்பிகள் உண்டு, தேன் கசியும், அதற்காகவே எறும்புகள் குடியிருக்கும். இலையைத் தின்ன வருகிற பூச்சியை அவை கடித்து விரட்டும். மனிதரையும்தான்.

தாவரவியல் பேருக்கும் இலைதான் அடிப்படை. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது கான்வால்வுலஸ் பெஸ்-காப்ரே. பெஸ் கால், காப்ரே வெள்ளாட்டினுடையது. லத்தீனில் அதே ஆட்டுக்கால். 1818-இல் ராபர்ட் பிரவுன் இதை ஐபோமியா பேரினத்துக்கு மாற்றினார். ஐபோமியா என்பதற்குக் கிரேக்கத்தில் புழுப் போன்றது என்று அர்த்தம். சுற்றி நெளியும் கொடிகளுக்குப் பொதுவாக வைத்தது. ஆக முழுப் பேரையும் தமிழில் சொன்னால் 'புழுப்போல் நெளியும் ஆட்டுக்கால்'. இப்படிப் பேர் வைத்தால் பூவுக்குக் கோபம் வராதா!

ஒரு விவரம் இங்கே சேர வேண்டியது. இதே இனம் பிரேசில், ஆஸ்திரேலியக் கரைகளிலும் உண்டு. அங்கே இலைப்பிளவு மேலோட்டமாக இருக்கும், தனித் துணையினமாகவே கணக்கு. வங்காள விரிகுடா, அரபிக்கடல் ஓரத்துக் கொடிக்குத்தான் பிளவு ஆழம். மான், ஆடு என்ற கற்பனை நம் பக்கத்து இலையைப் பார்த்தால்தான் எளிதாக வரும்.

மதியம் வெயில் சுள்ளென்று அடித்தது. இளநீர் 60 ரூபாய். வழுக்கையைச் சுரண்டிக் கொடுத்தவர் கடற்கரை ஓரத்து விலையென்று தானே மன்னிப்பு மாதிரி சொன்னார்.

பிப்ரவரி 9, ஞாயிறு. திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரை

ஞாயிறு கூட்டம் வருமுன் நடந்துவிட வேண்டிய பாதை. திருவான்மியூரில் தொடங்கினால் கொட்டிவாக்கம், பாலவாக்கம் வழியாக நீலாங்கரை. பல இடங்களில் வீட்டுச் சுற்றுச்சுவர் மணல்மேட்டின் மேலேயே வந்து நிற்கிறது. சுவருக்கும் அலைக்கும் நடுவில் மிச்சமிருக்கிற பட்டையில்தான் அடும்பு.

பக்கத்து வீட்டுக்காரரையும் அறிமுகம் செய்துகொள்வது நல்லது. காலில் ஊசி மாதிரி குத்தும் நீலப்பச்சைப் புல் ஒன்று மேட்டில் கொத்துக் கொத்தாக நிற்கும், பேர் இராவணன் மீசை. ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், ஷூ போடாமல் போகக் கூடாது. பெண் செடியின் பூங்கொத்து முள் பந்தாக உதிர்ந்து காற்றில் உருண்டுகொண்டே விதை போடும். இன்னொன்று அவரை இனத்துக் கொடி. தூரத்திலிருந்து பூ அதே ஊதா. கிட்டப் போனால் குழப்பம் தீரும். மூன்று மூன்றாக இலை, பட்டாணிப் பூ வடிவம், பிளவு இல்லை.

அடும்பு இல்லாத மேட்டையும் இருக்கிற மேட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அதன் வேலை தெரியும். காற்றில் ஓடிவரும் மணல் இலைகளில் தடுக்கிக் கீழே விழும், கொடி மூடிப்போகும். மூடினால் சாகாது, மேலே ஏறி அடுத்த கணுவில் வேர் விடும். மறுபடி மணல், மறுபடி கணு. கொட்டிவாக்கத்தில் ஒரு மேடு அறுந்து சரிந்திருந்தது. வெட்டுமுகத்தில் பழைய கொடிகள் அடுக்கடுக்காக நாலு வரிசை, கயிற்றுக் கட்டில் மாதிரி. ஒற்றைக் கொடியை இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். பத்துக் கொடி பின்னியதை அசைக்க முடியாது. ஈழத்துப் பழமொழி 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பதை அங்கேயே சோதித்துப் பார்க்கலாம்.

அதை அறுப்பது சக்கரம். தேர்ச் சக்கரம் அடும்பை நசுக்கிக்கொண்டு போகிற காட்சி நெய்தல் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். நீலாங்கரையில் இன்று காலை ஒரு நான்கு சக்கர மணல் வண்டி ஏறி இறங்கிய தடம் கொடிப் பாயின் குறுக்கே அப்படியே இருந்தது. அன்றைக்கு வந்தவன் காதலியைப் பார்க்க வந்தான். இவர்கள் ரீல் எடுக்க.

பாலவாக்கத்தில் இறந்த ஆமை ஒன்று ஒதுங்கியிருந்தது. பங்குனி ஆமை என்பார்கள், ஆலிவ் ரிட்லி. ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வரும் காலம். தன்னார்வலர்கள் இரவில் கரை நெடுக நடந்து முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைப்பார்கள். சுற்றி நின்ற பிள்ளைகள் ஒருவரும் தொடவில்லை. ஒரு பெரியவர் மேலே மணல் அள்ளிப் போட்டுவிட்டு நடந்தார்.

மொட்டைமாடியில் வளர்க்க விரும்புகிறவர்களுக்கு: கொடியைப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டாம், மணல்மேடுகள் கடலோர ஒழுங்குமுறை விதிகளில் பாதுகாக்கப்பட்ட பகுதி. உதிர்ந்த விதை போதும். காய்ந்து பழுப்பான காய்க்குள் நாலு விதை, மிளகை விடக் கொஞ்சம் பெரிது, மேலே பூனைமுடி. உள்ளே காற்று இருப்பதால் தண்ணீரில் மிதக்கும். கடல் வழியே கரை கரையாகப் பரவியது இப்படித்தான். அதற்காகவே ஓடு கெட்டி, தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே ஊன்றினால் மாதக்கணக்கில் கல்லாகக் கிடக்கும். பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். நகவெட்டியின் அரத்தால் ஒரு பக்கம் வெள்ளை தெரியும் வரை தேய்க்க வேண்டும். விதை காம்பில் ஒட்டியிருந்த தழும்புப் பக்கத்தைத் தேய்க்கக் கூடாது, முளை அங்கே இருக்கும். பிறகு ஓர் இரவு தண்ணீரில் ஊறினால் இரண்டு மடங்கு உப்பும். உப்பாததை மறுபடி தேய்க்கலாம்.

தொட்டி ஆழத்தை விட அகலம் முக்கியம். மூன்று பங்கு ஆற்று மணலுக்கு ஒரு பங்கு மண். எரு போட்டால் இலையாகத் தள்ளும், பூ வராது. நாள் முழுக்க வெயில், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். ஒரே செடி வைத்தால் பூக்கும், காய் பிடிக்காது. வேறு செடியின் மகரந்தம் வந்தால்தான் காய்க்கும். விதையை வாயில் போடக் கூடாது, நஞ்சுள்ள ஆல்கலாய்டுகள் உண்டு. இலைச்சாறு ஜெல்லி மீன் பட்ட அரிப்புக்குத் தாய்லாந்தில் பழைய கைமருந்து, அங்கே ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டார்கள். நம்மூரில் அரிப்பு என்றால் மருத்துவரிடம் போவதே நல்லது.

மாலை கோவளம். எள் போட்டால் எள் விழாத கூட்டம். நெத்திலி வறுவல் தட்டு 120, வஞ்சிரம் துண்டு 250. வஞ்சிரம் எண்ணெயில் இரண்டு முறை போனது போலக் காய்ந்திருந்தது, நெத்திலி அருமை.

பிப்ரவரி 10, திங்கள். திருவொற்றியூர், பழவேற்காடு

வடக்கே போகிற சாலையில் திருவொற்றியூர் தாண்டியதும் கடலும் தெரியும், கருங்கல்லும் தெரியும், மணல் தெரியாது. இந்தக் கரையில் மணல் வருஷ மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870-களில் துறைமுகச் சுவர் கடலுக்குள் எழ ஆரம்பித்த பிறகு வந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது அதனால்தான். வடக்கே வர வேண்டிய மணல் வராமல் கரை அரித்தது, கல் கொட்டினார்கள். கல்லில் அடும்புக்கு இடமில்லை. மெரினாவில் மணல் இருந்து கொடியில்லை, இங்கே மணலே இல்லை.

ஷேர் ஆட்டோவில் ஒரு சின்னத் தகராறு. ஏறும்போது 30 என்றவர் இறங்கும்போது 50 என்றார். பின்சீட்டில் மீன் கூடையோடு இருந்த ஆயா, "காலங்காத்தால இன்னாடா" என்று ஒரு அதட்டல் போட்டதும் முப்பதோடு முடிந்தது.

பழவேற்காடு டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டிய ஊர். கோட்டை இன்று முள்காடு மூடிய மேடு. கல்லறைத் தோட்டம் இருக்கிறது, வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வரவேற்கும். அடும்பின் பேரை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனதும் அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள்தான், ஆனால் மேற்குக் கரையில். மலபாரில் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், உள்ளூர் வைத்தியர்களை வைத்துச் செடிகளைப் படமும் பேருமாகத் தொகுத்தார். ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்று 12 பகுதிகள் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. 11-ஆம் பகுதி வந்தது 1692-இல், அவர் இறந்த மறு வருஷம். அதில் இந்தக் கொடியின் பேர் 'ஸ்கோவன்னா அடம்போ' என்று வாசிக்கும்படி லத்தீன் எழுத்தில் இருக்கிறது. இங்கிலீஷ்காரர் போலப் படித்தால்தான் அந்தக் கோளாறு. டச்சில் o, e இரண்டு எழுத்தும் சேர்ந்தால் உகரம். ஆக அது அடம்பு, சுத்தமாக நம் சொல். முன்னால் இருப்பது மலையாளத்தின் சுவன்ன, அதாவது சிவந்த. சிவந்த அடம்பு! தேடியவரை இலையை விட்டு நிறத்தைப் பார்த்த ஒரே பேர் இதுதான். அறுபது வருஷம் கழித்து லின்னேயஸ் அதை ஆட்டுக்காலாக்கிவிட்டார்.

கழியைக் கடக்கும் பாலத்தைத் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். அகன்ற மணல், பனைமரம், எந்திரம் எட்டாத மேடு. நாலு நாளில் பார்த்ததிலேயே அடர்ந்த அடும்பு இங்கேதான். வழக்கமாகச் சுருளும் நேரம் தாண்டியும் பூ திறந்தபடி. கடல்காற்று குளிர்ந்து அடித்தால் சுருளக் கொஞ்சம் தாமதமாகும்.

மேட்டில் ஓர் அம்மா நெத்திலி காயவைக்க இடம் செய்துகொண்டிருந்தார். கொடிகளைக் கத்தியால் அறுத்து, சுருட்டி, கையெட்டும் தூரத்தில் வீசினார். "எதுக்கு சார் இதப் போயி போட்டோ புடிக்கிறீங்க? நாங்களே இதோட மாரடிக்கிறோம்."

பேர் கேட்டதற்கு அடம்பங்கொடி என்றார். ஆட்டுக்கால், குதிரைக் குளம்பு எதுவும் அவர் கேள்விப்பட்டதில்லை. மானடி என்று புலவர் சொன்னதைச் சொன்னதும் ஓர் இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "மான எங்க பாத்தோம்? பட்டாம்பூச்சி மாரி இல்ல இருக்குது?"

போன வாரம் அவர் அறுத்து வீசிய குவியல் பக்கத்திலேயே கிடந்தது. இலையெல்லாம் காய்ந்திருந்தது. அடியில் மணலைத் தொட்டுக் கிடந்த துண்டுகளில், கணுவுக்குக் கணு சேமியா மாதிரி வெள்ளை வேர். ஒன்றில் விரல் நீளத்துக்குத் தளிர், மடிந்த இரண்டு இலையோடு. அவரும் அதைப் பார்த்தார். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கூடையை எடுக்கப் போய்விட்டார்.